ரோஸ்விதா வைத்த கரடிப்பூண்டு சூப்

ஆஸ்திரியாவில் ஸ்டைரியா மலைப்பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரே ஒரு சாப்பாட்டுக்கடைதான். பெயர்ப்பலகையில் என்னவோ எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் அது ரோஸ்விதா கடை. அங்கே மெனு அட்டை கிடையாது. கேட்டால், "நான் நிக்கறது கண்ணுக்குத் தெரியல? என்னைக் கேளு" என்பாள். கேட்டும் பிரயோஜனம் இல்லை. உள்ளே வருகிறவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். அவர் எதைச் சாப்பிட வேண்டும் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிடும்.

நான் போல்டி, பஸ் டிரைவர். டவுனிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிற ஏரி வரைக்கும் போய்த் திரும்புவது என் வேலை. மத்தியான இடைவேளையில் வண்டியை ரோஸ்விதா கடை வாசலில் நிறுத்திவிட்டு அங்கேயேதான் சாப்பிடுவேன். கட்டிய மனைவியிடம் வாங்காத திட்டையெல்லாம் அவளிடம் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குகிற அந்தப் பச்சை ஓடு பதித்த அடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் வறுத்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுகிற சுகத்துக்காக எத்தனை திட்டும் வாங்கலாம்.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாத்திரம் கழுவ வந்த பெண். கடைக்காரரின் மூத்த மகன் மத்தியாஸ் அவளைப் பார்த்தான், கட்டிக்கொண்டான். கல்யாணமான சில வருஷத்திலேயே மரம் வெட்டப் போன இடத்தில் மரம் அவன்மேலேயே சாய்ந்துவிட்டது. மாமனார் கடையை விற்றுவிடலாம் என்றார். "விக்கறதுன்னா என்னையும் சேத்து வித்துடுங்க" என்று சமையலறை வாசலில் குறுக்கே நின்றாள். கிழவர் போனபிறகு கடை பாதி அவளுக்கு, பாதி கொழுந்தன் ஹூபர்ட்டுக்கு என்றானது. வேலை முழுக்க அவளுக்கு, நாற்காலியில் உட்காருவது ஹூபர்ட்டுக்கு.

மன்னிப்பு என்கிற சொல் அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஊர்த்தலைவர் இறைச்சி வேகவில்லை என்றார். "இறைச்சி வெந்துடுச்சு. உங்க பல்லைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள். அவர் நிஜமாகவே பல் டாக்டரிடம் போனார் என்று கேள்வி. அப்படி ஒரு நாக்கு. அந்த நாக்கு ஒரு மத்தியானம் முழுக்க மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் மாதக் கடைசி. மத்தியானம் நான் உள்ளே நுழையும்போது ஜன்னலோரத்தில் ஒரு புதுமுகம் உட்கார்ந்திருந்தது. வடக்கத்திப் பெண், ஜெர்மனியின் கடற்கரைப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. முதுகுப்பை, சேறு படிந்த பூட்ஸ், மூக்கு நுனியில் வெயில் பட்ட சிவப்பு. பெயர் இங்கென் என்று பிறகுதான் தெரியும். மர நாற்காலியைத் தடவிப் பார்ப்பதும், மூலையில் இருக்கிற சிலுவையைப் பார்ப்பதும், அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்வதுமாக இருந்தாள். இந்த மாதிரி இடத்தில் சாப்பிடத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

"எனக்கு ஒரு ஷ்னிட்சல் கிடைக்குமா?" என்று கேட்டாள். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த இறைச்சி, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது.

ரோஸ்விதா இடுப்பில் கை வைத்தாள். "ஷ்னிட்சல் ஊர் உலகம் பூரா கிடைக்கும். உங்க ஊர் ஸ்டேஷன்லயே கிடைக்கும். அதைத் திங்கவா மலையேறி வந்தீங்க?"

"இல்லீங்க, நான் சும்மா..."

"இன்னைக்குக் கரடிப்பூண்டு சூப். வருஷத்துல இந்தக் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். நேத்து சாயங்காலம் நானே அறுத்தேன். அதைக் குடிங்க. அப்புறமும் ஷ்னிட்சல் வேணும்னா, டவுனுக்குப் போற வழி டிரைவருக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். நான் வேறென்ன செய்ய முடியும்?

கரடிப்பூண்டு காட்டில் முளைக்கும் இலை. குளிர்காலத் தூக்கம் கலைந்து எழும் கரடி முதலில் தின்பது இதைத்தான் என்பார்கள். பனி உருகி மண் தெரிய ஆரம்பித்ததும் ஓடைக்கரையில் பச்சைப்பசேல் என்று படரும், காடே பூண்டு வாசம் அடிக்கும். எங்கள் ஊரில் இதைக் கடையில் வாங்குவது அவமானம். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடச் சொல்ல மாட்டோம்.

சூப் வந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை, நடுவில் ஒரு கரண்டி கிரீம், மேலே வறுத்த ரொட்டித் துண்டு, பூசணி விதை எண்ணெய் ஒரு கோடு. அந்தப் பெண் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மாடி" என்றாள். ரோஸ்விதாவின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். கிண்ணம் காலியானதும் கேட்காமலேயே இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். "போதும்" என்று அந்தப் பெண் கையால் மறைத்தாள். "மலை ஏறணும், குடிங்க" என்று கையை விலக்கிவிட்டு ஊற்றினாள். நானும் ஒரு கிண்ணம் குடித்தேன். அருமையாக இருந்தது. அதை இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் அருமையாகத்தான் இருந்தது.

இங்கென் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஏரி வரைக்கும் நடந்து போய், அங்கே என் பஸ்ஸைப் பிடித்து டவுன் ஸ்டேஷனில் இறங்கி ரயில் ஏறுவதாகத் திட்டம். "ஏரி நிறுத்தத்துல காத்துக்கிட்டிருப்பேன், விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் காபியை முடித்துத் தட்டைச் சமையலறையில் வைக்கப் போனேன். ரோஸ்விதா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீதி இலையை நறுக்க எடுத்திருக்கிறாள். கையில் ஓர் இலைக்கொத்து. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ரோஸ்விதா, இலை ஏதாவது பேசுதா?"

அவள் கொத்தை என் முன்னால் நீட்டினாள். கரடிப்பூண்டு இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் நிற்கும், மெத்தென்று இருக்கும். இவள் கையில் இருந்ததற்குக் காம்பே இல்லை. தடித்த இலைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நின்றன. நடுவில், பொத்தி வைத்த மாதிரி, சின்னதாய் ஒரு பச்சைக் காய்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது மொட்டைப்பூச் செடி. இலையுதிர் காலத்தில் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக ஊதாப்பூ பூக்கும். இலை வருவது வசந்தத்தில், கரடிப்பூண்டு வருகிற அதே நேரத்தில். அதைத் தின்ற மாடு பிழைக்காது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. குழந்தைக்குப் பேச வந்ததும் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: இலையைக் கசக்கி மோந்து பார், பூண்டு வாசம் வந்தால்தான் பறி.

"மோந்து பாக்கலையா நீ?"

"பாத்தேன்டா." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கூடை பாதி ரொம்பினப்புறம் கையே பூண்டு. எதை மோந்தாலும் பூண்டுதான்."

வழக்கமாக அவள் ஓடைக்கரை மரங்களுக்குள்ளே போய் ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவாள். இந்த வருஷம் முழங்கால் மடங்கவில்லை. மரத்துக்குள் போகாமல் புல்வெளி ஓரத்திலேயே பால் கறக்கிற முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, புல் வெட்டும் கத்திரியால் பிடிபிடியாக அறுத்திருக்கிறாள். முப்பது வருஷமாக இலை பறிக்கிறவள், ஏதோ அவசரத்தில்கூட இல்லை, வெறும் பழக்கத்தில் செய்த தப்பு. தெரியாதவனாக இருந்தால் ஒவ்வொரு இலையையும் பயந்து பயந்து பார்த்திருப்பான்.

"சூப்ல இருந்துச்சா?"

"அரைச்சுட்டேனே. எப்படித் தெரியும்?"

சூப் பானையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. குடித்தது மூன்று பேர். இங்கென் இரண்டு கிண்ணம், நான் ஒன்று, ருசி பார்த்த வகையில் ரோஸ்விதா சில கரண்டி. வேறு யாருக்கும் அன்றைக்கு அவள் சூப் ஊற்றவில்லை.

ஹூபர்ட் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஜன்னலைச் சாத்தினான். ஆளைப் பாருங்கள், முதல் வேலை ஜன்னல் சாத்துவது.

"ஒரு கொத்து கிடந்தா அத்தனையும் அப்படித்தானா? சூப்ல ஒண்ணும் இருந்திருக்காது" என்றான். "வெளிய தெரிஞ்சா கடைக்கு சீல் வச்சுடுவாங்க. போல்டி, நீ வேணா ஆஸ்பத்திரியில போய்ப் பாத்துக்கோ. காளான் தின்னேன்னு சொல்லு. அந்த வடக்கத்திக்காரி ரயிலேறிப் போயிடுவா. ஏதாவது ஆனா அவங்க ஊர்ல ஆஸ்பத்திரி இல்லாமலா போச்சு?"

"வாயை மூடு" என்றேன் நான். ரோஸ்விதா சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். அவள் ஹூபர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மறுப்பு இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வியன்னாவில் விஷம் சம்பந்தமாகக் கேட்க ஒரு போன் நம்பர் உண்டு, ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலும் ஒட்டியிருக்கும். நான்தான் பேசினேன். எடுத்தவர் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்போது ஒன்றும் செய்யாது, சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும், அதற்குப் பிறகு உள்ளுறுப்பு ஒவ்வொன்றாகப் படுக்கும், மாற்று மருந்து கிடையாது, வயிற்றில் இருக்கும்போதே விஷத்தை உறிஞ்சுகிற கரியைக் கொடுத்து எடுத்தால் நல்லது, குடித்த அத்தனை பேரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து ஏரி வரை ஏறி இறங்குவதற்குள் நானே இங்கெனைக் கொண்டுபோய்விடுவேன் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஓட்டப்போகிறேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரோஸ்விதா கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்தக் கொத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிக் கைப்பையில் வைத்தாள்.

"அவகிட்ட நான் சொல்றேன். என் சமையல், நான்தான் சொல்லணும். நீ வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றைக்கு அவள் கேட்டால் எதையும் பண்ணியிருப்பேன்.

ஏரி நிறுத்தத்தில் இங்கென் நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஏரிக்கு மேலே இருக்கிற மேல்பண்ணையிலிருந்து இரண்டு பெண்களும் ஏறினார்கள். இங்கென் ரோஸ்விதாவைக் கண்டதும் சிரித்தபடி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்களும் டவுனுக்கா? உங்க சூப்பை நெனச்சுக்கிட்டே மலை ஏறினேன்."

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"அருமையா இருக்கு! ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வளைவுக்கு வளைவு, இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். இங்கென் தன் ஊர்க் கடலைப் பற்றி, அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ரோஸ்விதா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். உதடு இரண்டு தடவை பிரிந்தது, மூடிக்கொண்டது. எனக்கு என் வயிற்றில் ஏதோ புரள்கிற மாதிரி இருந்தது. பயமா விஷமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். அதில் சென்சியும் ஒருத்தி. ரோஸ்விதா கடைக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அவளும் புருஷன் இக்னாஸும். ஊரில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் அவள் காதில் போட்டால் போதும், கோயில் மணி அடிக்கத் தேவையில்லை. ரோஸ்விதாவுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. சென்சியைக் கண்டதும் ரோஸ்விதா இன்னும் ஒடுங்கிப்போனாள். சரி, இனி ரோஸ்விதா எங்கே வாயைத் திறக்கப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்தேன்.

"எங்க சென்சி கிளம்பிட்டே?" என்று யாரோ கேட்டார்கள்.

"மருந்துக்கடைக்குத்தான். விடியக்காலத்துலேருந்து எங்க இக்னாஸுக்கு வாந்தி, வயித்தால போகுது. நம்ம ஊர் டாக்டர் இன்னைக்கு லீவு. சொட்டு மருந்து ஏதாவது வாங்கிட்டு வரேன். அந்த மனுஷன் 'ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிக்கிட்டே பக்கெட்டைக் கட்டிக்கிட்டுக் கிடக்கறான்."

"இப்ப ஊரெல்லாம் அந்த வயித்துக் கோளாறுதான்" என்றார்கள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. விஷத்தைப் பற்றித் தவிர வேறெதையும் யோசிக்காமல் வண்டி ஓட்டிய எனக்கு, அந்தப் பேச்சு காதோடு போய்விட்டது.

டவுன் வந்துவிட்டது. ஸ்டேஷன் முதலில், ஆஸ்பத்திரி அதற்கடுத்த நிறுத்தம். இங்கென் மணியை அழுத்தினாள், முதுகுப்பையை மாட்டிக்கொண்டாள். தண்டவாளத்தில் அவள் ரயில் வந்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறக்கவில்லை.

"டிரைவர், கதவு" என்றாள்.

நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவைத் திறங்க! என் ரயில் நிக்குது!"

"என்ன போல்டி, தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும் இங்கதான் இறங்கணும்" என்று இன்னொன்று. இங்கென் கதவை உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தாள். நான் கண்ணாடியில் ரோஸ்விதாவைப் பார்த்தேன். அவளும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். திறந்துவிடு என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, திறந்துவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது. சத்தியமாவது மண்ணாவது, இன்னும் ஒரு மூச்சு பொறுப்பேன், பிறகு நானே கத்திவிடுவேன் என்று முடிவு செய்தேன்.

ரோஸ்விதா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, நீங்க ரயில் ஏறக்கூடாது." இங்கெனைப் பார்த்துத்தான் சொன்னாள். "எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். நான் குடுத்த சூப்புல விஷ இலை இருந்திருக்கலாம். மொட்டைப்பூ இலை. நான்தான் அறுத்தேன், நான்தான் அரைச்சேன். வேண்டாம்னு நீங்க கையை வச்சு மறைச்சீங்க. நான்தான் விலக்கிட்டு ஊத்தினேன். தப்பு என்னோடது."

இங்கென் சிரிக்கப் பார்த்தாள். யார் முகத்திலும் சிரிப்பில்லாததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலியே. நல்லா இருக்கேன்."

"இப்ப ஒண்ணும் பண்ணாது. ராத்திரிக்குத்தான் பண்ணும். போல்டியும் குடிச்சான், நானும் ருசி பாத்தேன்." ஜாடியை எடுத்துக் காட்டினாள். "முன்னாடியே சொல்லியிருக்கணும். ஏரியிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரல. என்னை மன்னிச்சுடுங்க."

ரயில் கிளம்பிப் போனது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சென்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இருக்கையிலிருந்து எழுந்து, ஜாடியிடம் நெருங்கி வந்திருந்தாள்.

"எப்ப அறுத்த இலை?" என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் ஹூபர்ட் வேலிக்கு மேல ஒரு கட்டு குடுத்தான். ரோஸ்விதா நிறைய அறுத்துட்டா, வச்சுக்கோன்னான்." மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நான் உருண்டை பண்ணினேன். எனக்குப் பூண்டு ஆகாது. இக்னாஸ்தான் அத்தனையும் தின்னான். நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே தின்னான்."

ரோஸ்விதா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். மேல்பண்ணைப் பெண் ஒருத்தி போனில் கத்திக்கொண்டிருந்தாள். நான் நடு நிறுத்தம் எதிலும் நிற்காமல் ஹாரனை அழுத்தியபடி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் பஸ்ஸை விட்டேன். இக்னாஸைத் தூக்கிக்கொண்டு போக ஹெலிகாப்டர் எங்கள் ஊர்ப் பக்கம் பறந்ததைக் கரித்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் மூன்று பேர் வாயும் பல்லும் கன்னங்கரேல். வேறு ஒரு நாளாக இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்போம்.

எங்கள் ரத்தத்தில் விஷம் இருந்தது. கொஞ்சம்தான். எனக்கு மூன்று நாள் வயிறு படாதபாடு பட்டது. இங்கென் என்னைவிட அதிகம் கஷ்டப்பட்டாள், ஆனால் பிழைத்துக்கொண்டாள். ரயிலில் படுத்துத் தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் அம்மா ஊரிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது இங்கென் ரோஸ்விதாவின் கட்டிலருகே நின்று, "சொன்னீங்களே, அது போதும்" என்றாள். அந்த அம்மாள் மட்டும் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இக்னாஸ் பிழைக்கவில்லை. கிராஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் போராடினார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். நல்ல மனுஷன். என் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்போது "உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான்.

போலீஸ் வந்தது, சுகாதாரத்துறை வந்தது, சமையலறையைப் பூட்டி எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத் திறந்துவிட்டார்கள். வழக்கு பின்னால் வரும் என்றார்கள். சென்சிக்கு இலை கொடுத்தது அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டது என்று ஹூபர்ட் போலீஸிடம் சொன்னான். நம்புகிறவர்கள் நம்பட்டும். கடை திறந்துதான் இருந்தது, ஆனால் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. ரோஸ்விதா அடுப்புக்கு முன்னால் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் மட்டும் மத்தியானத்தில் போய் காபி குடித்துவிட்டு வருவேன். திட்டுவாள் என்று காத்திருப்பேன். திட்ட மாட்டாள். அவள் திட்டாமல் இருந்ததைப்போல ஒரு கொடுமையை நான் பார்த்ததில்லை.

அப்படி நான் இருந்த ஒருநாள்தான் கதவு திறந்தது. சென்சி. கறுப்புடை. ரோஸ்விதா எழுந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை அடக்கம்" என்றாள் சென்சி. "எத்தனை பேர் சாப்பாட்டுக்குன்னு கேக்க மாட்டியா?"

எங்கள் ஊரில் அடக்கம் முடிந்ததும் கல்லறையிலிருந்து எல்லோரும் நேராகச் சாப்பாட்டுக்கடைக்குத்தான் வருவார்கள். செத்தவர் வீட்டார் போடுகிற சாப்பாடு அது. மாட்டிறைச்சி சூப், வேகவைத்த இறைச்சி, ஒரு கிளாஸ் ஒயின். அது நடக்காமல் செத்தவனை யாரும் செத்தவனாக நினைப்பதில்லை.

"என் கையால வேண்டாம் சென்சி" என்றாள் ரோஸ்விதா. "டவுன்ல நல்ல இடம் இருக்கு. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"இந்த ஊர்ல செத்த அத்தனை பேருக்கும் இங்கதான் சாப்பாடு போட்டாங்க. உன் மத்தியாஸுக்கு இங்கதான் போட்டோம், நான் வந்து பரிமாறினேன். என் இக்னாஸ் மட்டும் என்ன பாவம் பண்ணினான், டவுனுக்குப் போய்த் தண்டத்துக்கு ஒரு தட்டு வாங்க?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. அதுக்கு நாளாகும். ஆகாமலும் போகலாம். அறுபது பேர். சூப் வை."

வெள்ளிக்கிழமை கல்லறையில் நல்ல மழை. ஊர் முழுக்க வந்திருந்தது. கடைக்குள் எல்லோரும் கறுப்புடையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரோஸ்விதாவே ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள், யார் முகத்தையும் பார்க்காமல். தெளிந்த சூப், அதில் மெல்லிய அப்பக்கீற்று, மேலே வழக்கமாகத் தூவுகிற பச்சைத்தழை இல்லை. ஆவி பறந்தது. ரோஸ்விதா சமையலறை வாசலில் போய்ச் சுவரோடு நின்றாள்.

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. ஊர்த்தலைவர் வாய் துடைக்க வைத்திருந்த துண்டை மடித்தார், பிரித்தார். மேல்பண்ணைப் பெண்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு இன்னும் முழுசாக ஆறவில்லை, அதைச் சாக்குச் சொல்லலாமா என்று நானே யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன். ஹூபர்ட் கடைசி மேசையில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ரோஸ்விதா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அறையை விட்டு ஓட அவளுக்கு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், பின்னாலேயே கதவு. அவள் நகரவில்லை.

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த சென்சி சுற்றி ஒருமுறை பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். ஊதினாள், குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அறுபது பேரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி, ரோஸ்விதா" என்றாள். "கொண்டா."

ரோஸ்விதா உப்பு ஜாடியை எடுக்க ஓடினாள், அந்த முழங்காலோடு. அவள் திரும்பி வந்தபோது அறை முழுக்கக் கரண்டிச் சத்தமாக இருந்தது.